அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடன் காகிதம் கைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கி முகவரின் வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கடன் தொகை குறைந்ததும் "வீடு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று விற்பவரிடம் போய் நிற்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். தவறான தகவல் தந்தது வங்கி, ஆகவே அட்வான்ஸ் எப்படியும் திரும்பிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படித் திரும்புவதில்லை. கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில். கிரய அக்ரிமெண்ட் உங்களுக்கும் விற்பவருக்கும் இடையில். ஒன்றில் நடந்த தவறு மற்றொன்றைத் தானாக உடைக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாததால் பல குடும்பங்களின் ஆண்டுக்கணக்கான சேமிப்பு கரைகிறது. அதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில், ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். "உங்க சம்பளத்துக்கு 60 லட்சம் சாங்ஷன் ஆயிடும் சார்" என்று சொல்வதும், "கொள்கை அளவில் ஒப்புதல்" என்று ஒரு கடிதம் தருவதும் வருமானத்தை மட்டும் பார்த்துச் செய்வது. அந்தக் கட்டத்தில் வீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பார். மதிப்பீட்டாளர் நேரில் வந்து கட்டடத்தின் வயது, அனுமதி பெற்ற வரைபடம், கட்டியிருக்கும் பரப்பு ஆகியவற்றைப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத மாடிக்கு மதிப்பே போடாமல் விட்டுவிடுவதும் உண்டு. இந்த இரண்டு அறிக்கைகளும் வந்த பிறகு வரும் தொகைதான் உண்மையான கடன் தொகை.

அந்தத் தொகைக்கும் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். 75 லட்சத்துக்கு மேல் போனால் 75 சதவீதம். "90 பர்சென்ட் கிடைக்கும்" என்று முகவர் சொல்வது சின்னக் கடனுக்கு மட்டுமே பொருந்தும். இன்னொன்று, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு எதுவும் அந்தச் சொத்து மதிப்பில் சேராது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விவகாரம் எவ்வளவு பெரியது என்று புரியும். பழைய வீடு ஒன்றை 70 லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார்கள். முகவர் 90 சதவீதம் என்கிறார். அதாவது கடன் 63 லட்சம், கையிலிருந்து 7 லட்சம் போதும் என்று வாங்குபவர் கணக்குப் போடுகிறார். மதிப்பீட்டாளர் வந்து வீட்டுக்கு 62 லட்சம்தான் என்று எழுதுகிறார். பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி கடன் தரும். 62 லட்சத்தில் 80 சதவீதம் 49 லட்சத்து 60 ஆயிரம். ஆக, விலையிலேயே 20 லட்சத்து 40 ஆயிரம் கையிலிருந்து போட வேண்டும். தமிழ்நாட்டில் மறுவிற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவார்கள். 70 லட்சத்துக்கு அது 6 லட்சத்து 30 ஆயிரம். மொத்தம் 26 லட்சத்து 70 ஆயிரம். 7 லட்சம் போதும் என்று நினைத்தவர் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்? ஒரே வீட்டின் மதிப்பு இங்கே எப்படி எதிரெதிர்த் திசையில் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கடனுக்குக் குறைந்த மதிப்பு, தீர்வைக்குக் கூடிய மதிப்பு. இரண்டு பக்கமும் சுமை வாங்குபவர் தலையில்தான்.

அடுத்தது வட்டி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விகிதம் மிக உயர்ந்த கடன் மதிப்பெண் (சிபில் ஸ்கோர்) உள்ளவருக்கானது. 50 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 43,391 ரூபாய். அதுவே 9.25 சதவீதமானால் 45,793 ரூபாய். முக்கால் சதவீதம்தானே என்று தோன்றும். 240 தவணைகளுக்குக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் 5 லட்சத்து 76 ஆயிரத்தைத் தாண்டுகிறது. கடனோடு சேர்த்து ஒட்டிவிடும் காப்பீடும் இப்படித்தான். ஒன்றரை லட்ச ரூபாய் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றிவிட்டால், 8.5 சதவீதத்தில் அதற்கு மட்டும் மாதம் 1,302 ரூபாய். 20 ஆண்டில் அது 3 லட்சத்து 12 ஆயிரம் ஆகிவிடும். வங்கி சொல்லும் நிறுவனத்தில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "எடுத்தால்தான் சாங்ஷன்" என்று வாயால் சொல்வார்கள். எழுதித் தரச் சொன்னால் தர மாட்டார்கள்.

இத்தனைக்கும் மருந்தாக ஒரு காகிதம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் தனிநபர்களுக்குத் தரும் ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும், வீட்டுக் கடன் உட்பட, கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் எனப்படும் முக்கிய விவரக் குறிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். வங்கி, கூட்டுறவு வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், விளக்கியதற்கு அவரிடம் ஒப்புகை வாங்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை சொல்கிறது. தமிழில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீட்டுக் கடன் போன்ற நீண்டகாலக் கடனுக்கு அந்தக் குறிப்பு குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். அந்த நாட்களுக்குள் நீங்கள் ஒத்துக்கொண்டால் அதில் எழுதியிருப்பதற்கு வங்கி கட்டுப்படும்.

அந்தக் குறிப்பு கைக்கு வந்தால் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான்கு இடங்களில் விரலை வைத்து நிதானமாகப் படியுங்கள். வட்டி மாறும் வகையா, நிலையானதா, மாறும் என்றால் எந்த அளவுகோலை ஒட்டி மாறும், அதன் மேல் வங்கி ஏற்றும் கூடுதல் சதவீதம் எவ்வளவு என்பது ஒன்று. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன் 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவை சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். முகவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. இரண்டாவது, அளவுகோல் 0.25 சதவீதம் ஏறினால் தவணை எவ்வளவு கூடும், அல்லது எத்தனை தவணை கூடும் என்ற வரி. மூன்றாவது, கட்டணப் பட்டியல். வங்கிக்குப் போவது தனி, வங்கி வழியாக மூன்றாம் நபருக்குப் போவது தனி என்று இரண்டு பிரிவாக இருக்கும். காப்பீடு, மதிப்பீட்டுக் கட்டணம், சட்டக் கட்டணம் எல்லாம் இரண்டாவதில் வரும். நான்காவது, ஏ.பி.ஆர். எனப்படும் ஆண்டு சதவீத விகிதம். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு அதுதான். இரண்டு வங்கிகளை ஒப்பிட வேண்டுமானால் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு இந்த எண்ணை ஒப்பிடுங்கள். குறிப்பில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குறிப்பு கைக்கு வருவது கடன் அனுமதியாகும் நேரத்தில். அட்வான்ஸ் கைமாறுவதோ அதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால். வங்கி கடனைப் பரிசீலிக்கவே கிரய அக்ரிமெண்ட் கேட்கிறது. அக்ரிமெண்ட் போடவே விற்பவர் அட்வான்ஸ் கேட்கிறார். இந்த இடைவெளியில்தான் வாங்குபவர் மாட்டிக்கொள்கிறார். ஆகவே பாதுகாப்பை வைக்க வேண்டிய இடம் கிரய அக்ரிமெண்ட்தான்.

நம் பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதுவது என்ன? குறித்த காலத்துக்குள் வாங்குபவர் மீதித் தொகையைச் செலுத்திக் கிரயம் பெறாவிட்டால் முன்பணத்தை இழந்துவிட வேண்டும் என்று ஒரு வரி. கடன் கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. சிலர் கேட்டு வாங்கி "கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும்" என்று சேர்க்கிறார்கள். அது போதாது. 40 லட்சம் கடன் கிடைத்தது, உங்களுக்குத் தேவை 52 லட்சம் என்றால், "கடன்தான் கிடைத்துவிட்டதே" என்பார் விற்பவர். தொகை, நாள், சான்று மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"வாங்குபவர் இச்சொத்தின் பேரில் 52 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வீட்டுக் கடனுக்கு இன்று முதல் 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்று முதல் 60 நாட்களுக்குள் அத்தொகைக்கு, ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கு மேற்படாத தொடக்க வட்டியில், எழுத்துப்பூர்வமான கடன் அனுமதி கிடைக்காவிட்டால், கடன் நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து எழுத்து மூலம் அறிவித்து வாங்குபவர் இவ்வொப்பந்தத்தை ரத்து செய்யலாம். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் இரு தரப்பினரும் ரத்துப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் அன்றே விற்பவர் முன்பணம் முழுவதையும் வரைவோலையாகத் திருப்பித் தர வேண்டும்."

விற்பவர் தயங்குவார். அவர் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு மாதம் வீட்டை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாரே. ரத்தானால் அவருக்கு ஒரு சிறு தொகை, 25,000 அல்லது 50,000 என்று பேசி எழுதிக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். அவ்வளவு விட்டுக்கொடுப்பது 5 லட்சத்தை இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

அக்ரிமெண்ட்டைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் கட்டாயம் பதிவாக வேண்டியது. செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து பதிவில்லாமல் வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பதிவான அக்ரிமெண்ட் வில்லங்கச் சான்றில் தெரியும். அது ரத்தாகாத வரை அடுத்து வாங்க வருபவரின் வழக்கறிஞர் "இது என்ன?" என்று கேட்பார், அவருடைய வங்கியும் கேட்கும். உங்கள் பணம் திரும்பும் வரை விற்பவருக்கும் அவசரம் இருக்கும். அந்தப் பதிவு உங்கள் கையிலிருக்கும் பிடி. பிடியைப் பணம் வருமுன் விட்டுவிடக் கூடாது. "முதலில் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த வாரம் பணம் தருகிறேன்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில், வரைவோலையைக் கையில் வாங்கி, அதன் எண்ணையும் தேதியையும் வங்கிக் கிளையையும் ரத்துப் பத்திரத்திலேயே எழுதச் செய்த பிறகு கையெழுத்து. காசோலை வேண்டாம், அது திரும்பி வந்தால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தண்டம் வாங்கியவருக்கு. ஆனால் கொடுத்ததற்குச் சான்று இல்லாமல் நிற்பது கொடுத்தவர். அக்ரிமெண்ட்டில் 2 லட்சம் எழுதி, கையில் 8 லட்சம் கொடுத்திருந்தால், திரும்பக் கேட்கும்போது 2 லட்சத்துக்குத்தான் பேச்சு.

சரி, இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? வரிசை முக்கியம். வரிசை மாறினால் நியாயமான வழக்கும் கெட்டுவிடும்.

முதல் வேலை, எழுத்தைச் சேர்ப்பது. முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், மின்னஞ்சல், தொகை குறித்துத் தந்த தாள், கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம், பிறகு வந்த உண்மையான அனுமதிக் கடிதம், முக்கிய விவரக் குறிப்பு. வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்தத் தொலைபேசியையும் விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மூலம் இருக்கும் கருவி கையில் இருந்தால் வேலை எளிது. தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால், அன்றே "நீங்கள் 63 லட்சம் என்று சொன்னீர்கள், இப்போது 49.6 லட்சம் என்று வந்திருக்கிறது, காரணம் தெரிவிக்கவும்" என்று கிளைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுப்பு வராததும் ஒரு சான்றுதான்.

கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் கொடுப்போருக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி, விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தக் கடிதம் இல்லாமல் விற்பவரிடம் போனால் "மனம் மாறிவிட்டாய்" என்று சொல்லிவிடுவார்.

உண்மை தெரிந்த பிறகு கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, முதல் தவணைப் பணத்தை விடுவிக்கச் சம்மதிப்பது, விற்பவருக்கு இன்னொரு லட்சம் கொடுப்பது, இவை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18, 19-ஆம் பிரிவுகள் தவறான கூற்றால் பெறப்பட்ட சம்மதத்தை ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் செல்லாததாக்கலாம் என்கின்றன. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் தொடர்ந்து நடந்துகொண்டால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதே 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் அந்த வாதம் எடுபடாது. குறிப்பைப் படிக்காமல் ஒப்புகைக் கையெழுத்துப் போட்டவர் இங்கேதான் வழுக்குகிறார்.

இங்கே இன்னொரு கேள்வி, தவறான கூற்று யாருடையது? வங்கி முகவர் சொன்னது என்றால் உங்கள் குறை வங்கியின் மீது, விற்பவர் மீது அல்ல. விற்பவரோ, கட்டுமான நிறுவனத்தின் விற்பனை ஆளோ "நம்ம புராஜெக்ட்டுக்கு 90 பர்சென்ட் லோன் ரெடி" என்று சொல்லியிருந்தால் கதை வேறு, கிரய அக்ரிமெண்ட்டையே அசைக்கலாம். யார், எப்போது, எந்த வார்த்தையில் சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்வது அதனால்தான்.

அக்ரிமெண்ட்டில் குறித்த கெடு முடிவதற்கு முன் விற்பவருக்குப் ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு அறிவிப்புப் போக வேண்டும். கெடு முடிந்த பிறகு போனால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள். அறிவிப்பில் கோபம் வேண்டாம். அக்ரிமெண்ட் எண், தேதி, கொடுத்த தொகை, கடன் குறைந்த விவரம், இணைக்கும் கடிதங்கள், கேட்பது என்ன, எத்தனை நாளில் என்பது போதும். கேட்பதும் இரண்டாக இருக்கட்டும்: கெடுவை 45 நாள் நீட்டித்து வேறு வங்கியில் முயல அனுமதி, இல்லாவிட்டால் பரஸ்பர ரத்து. முதல் வழி பல நேரம் பலிக்கிறது. ஒரு வங்கி குறைத்து மதிப்பிட்ட வீட்டை இன்னொரு வங்கி சற்றுக் கூடுதலாக மதிப்பிடுவது உண்டு. ஆனால் ஐந்தாறு இடங்களில் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும்.

விற்பவர் அட்வான்ஸை வைத்துக்கொண்டால்? அதிலும் முழுத் தொகையும் அவருக்குச் சேராது என்று வாதிட இடமுண்டு. ஒப்பந்தம் நிறைவேறும் என்பதற்கு ஈடாகக் கொடுக்கும் உறுதித் தொகை வேறு, விலையின் ஒரு பகுதியாகக் கொடுக்கும் முன்பணம் வேறு. முதலாவதைத்தான் பறிமுதல் செய்யலாம், இரண்டாவதை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் சொன்னது. அக்ரிமெண்ட்டில் 1 லட்சத்தை உறுதித் தொகை என்றும் மீதி 6 லட்சத்தை விலையின் பகுதி என்றும் பிரித்து எழுதினால், நாளை இழக்க நேர்ந்தாலும் இழப்பு அந்த 1 லட்சத்தோடு நிற்கும் வாய்ப்பு அதிகம். எழுதும்போது ஐந்து நிமிட வேலை. பத்திர எழுத்தர்கள் யாரும் தாமாகச் செய்வதில்லை. வழக்கு என்று போனால் ஒன்றை மறக்கக் கூடாது. கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போடுபவர், அது கிடைக்காவிட்டால் முன்பணமாவது திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையையும் மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத கோரிக்கையை ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் (குறித்தவகை நிவாரணச் சட்டம்) 22-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தராது.

கட்டி முடியாத அடுக்குமாடி வீடு என்றால் நிலைமை சற்றுச் சாதகம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. விளம்பரத்திலோ கையேட்டிலோ இருந்த பொய்த் தகவலை நம்பிப் பணம் கொடுத்தவர், 12-ஆம் பிரிவின்படி விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் கேட்கலாம். அதனால் அந்தப் பளபளப்பான கையேட்டைத் தூக்கி எறியாதீர்கள். பொய்த் தகவல் எதுவும் இல்லாமல் நீங்களாகவே விலகினால், புக்கிங் தொகை போகும். ஆனால் 20 சதவீதம் பிடித்தம் என்று ஒருதலையாக எழுதியிருந்த ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஏற்காமல், 10 சதவீதம்தான் நியாயம் என்ற முடிவை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டுமான நிறுவனம் வரிக்குறைப்புச் சீட்டு (கிரெடிட் நோட்) போடும் காலம் தாண்டிவிட்டாலும், ஜி.எஸ்.டி. பதிவு பெறாத வாங்குபவர் நேரடியாகத் துறையிடம் திரும்பப் பெற 2022 டிசம்பர் சுற்றறிக்கை வழி செய்திருக்கிறது. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலையுள்ள சொத்துக்கு 1 சதவீத வரியை விற்பவரின் பான் எண்ணில் கட்டியிருந்தால் அந்தத் தொகையும் கணக்கில் வர வேண்டும், பலர் இதை மறந்தே போகிறார்கள்.

"குடியேறும் வரை தவணை கிடையாது, வட்டியை நாங்களே கட்டுகிறோம்" என்று கட்டுமான நிறுவனங்கள் சொல்லும் திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் உங்கள் பெயரில். நிறுவனம் வட்டி கட்டுவதை நிறுத்திய மாதமே வங்கி உங்களைத்தான் தேடி வரும், உங்கள் கடன் அறிக்கைதான் கெடும். இப்படி நூற்றுக்கணக்கானோர் டெல்லி சுற்றுவட்டாரத்தில் மாட்டிக்கொண்டதால்தான் 2025-இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. இதிலிருந்து விலகும்போது திரும்பும் பணம், வாங்குபவர், நிறுவனம், வங்கி மூவரும் போட்ட முத்தரப்பு ஒப்பந்தப்படி முதலில் வங்கிக்குப் போகும். அதுவரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வங்கி மீதான புகாரைத் தனியாக நடத்துங்கள். முதலில் கிளைக்கும், முக்கிய விவரக் குறிப்பிலேயே தொலைபேசி எண்ணோடு இருக்கும் குறைதீர் அலுவலருக்கும் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அதன் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் அங்கே போகாமல் தேசிய வீட்டுவசதி வங்கியின் புகார் தளத்துக்குப் போக வேண்டும். இடம் மாறிப் புகார் கொடுத்தே பலர் மாதங்களை வீணாக்குகிறார்கள். புகாரை எழுதும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "எனக்குக் கடன் குறைத்துக் கொடுத்தார்கள்" என்று எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளுபடியாகிவிடும். "முக்கிய விவரக் குறிப்பு தரவில்லை", "குறிப்பில் இல்லாத 18,000 ரூபாய் வசூலித்தார்கள்", "கேட்காத காப்பீட்டைச் சேர்த்தார்கள்", "பணம் விடுவித்த நாளுக்கு முன்பிருந்தே வட்டி போட்டார்கள்" என்று சேவைக் குறைபாட்டைச் சுட்டி எழுதினால் விசாரிப்பார்கள். கடைசியாகச் சொன்னதை ரிசர்வ் வங்கியே 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் கண்டித்திருக்கிறது. கடன் வேண்டாம் என்று முடிவானதும் கடன் விண்ணப்பத்தையும் எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். ஆயுள் காப்பீடு எடுத்திருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஃப்ரீ லுக் உரிமையைப் பயன்படுத்தித் திருப்பிவிடலாம்.

நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், வீட்டின் விலையைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு தனிநபர் தன் பழைய வீட்டை விற்கும்போது அவர் மீது அங்கே போக முடியாது, அது உரிமையியல் நீதிமன்ற வேலை.

கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் பின்வாங்குவது என்ற பேச்சே நடைமுறையில் இல்லை. அதன் பிறகு செய்யக்கூடியது, மாறும் வட்டிக் கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வதுதான். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் புதிய வங்கியின் ப்ராசசிங் கட்டணம், அடமானக் குறிப்பாணைக்கான (வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம்) தீர்வை எல்லாம் மறுபடி உண்டு, கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

பதிவுத் துறையிடம் ஒரு கோரிக்கை. துறையின் இணையதளத்தில் மக்கள் பார்த்து எழுதிக்கொள்ள மாதிரிப் பத்திரங்கள் இருக்கின்றன. விற்பனை ஒப்பந்த மாதிரியில் கடன் நிபந்தனைக்கென்று ஒரு பத்தியை, தொகையும் நாளும் நிரப்பும் கோடிட்ட இடங்களோடு சேர்க்க வேண்டும். வேண்டாதவர் அடித்துவிடட்டும். உறுதித் தொகை எவ்வளவு, விலையின் பகுதி எவ்வளவு என்று இரண்டு கட்டங்களும் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். வங்கிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தின் மேலேயே, பெரிய எழுத்தில், தமிழில், "இது சொத்தைப் பார்க்காமல் தரப்படும் கடிதம், இதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்" என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
திருச்சிராப்பள்ளி